ஏழேகால் வண்டியும் நீளாத கைகளும்

"உங்க வண்டியில ஆளே போறதில்லீங்களேம்மா."

அரசு பஸ் டிப்போவின் கிளை மேலாளர் இதைச் சொன்னபோது நாங்கள் ஐந்து பெண்கள் அவருடைய மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். அன்று காலை அந்த 'ஆளே போகாத' வண்டியில்தான் வந்திருந்தோம். யாருடைய டிபன் டப்பாவோ வழி நெடுக இடித்ததில் என் தோள் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. நீங்க உட்காருங்க, இல்லீங்க நீங்க உட்காருங்க என்று ஒருவரை ஒருவர் உபசரித்ததில் கடைசியில் ஐவருமே நின்றோம். எங்கள் பக்கத்து மரியாதை இப்படித்தான். அதனால் கால் வலித்தவர்கள் ஏராளம்.

மேலாளர் நல்ல மனிதர். காகிதங்கள் பறக்காமலிருக்க அவற்றின் மேல் ஒரு பழைய பேரிங்கை வைத்திருந்தார். அதை நகர்த்திவிட்டு, கோபமில்லாமல் விளக்கினார்.

"காலையில ஒரு டிரிப்பு, பொழுதோட ஒரு டிரிப்பு. ரெண்டுலயும் டிக்கெட் மிஷின் காட்டறது விரல் விட்டு எண்ணிரலாமுங்க. காலி வண்டிக்கு எதுக்கு டீசல்னு மேல கேக்கறாங்க. அடுத்த மாசத்துல இருந்து வேற ரூட்டுக்கு மாத்தச் சொல்லி உத்தரவு வரப் போகுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவது புதிதல்ல. பனியன் கம்பெனியில் என்னோடு தையல் லைனில் உட்கார்ந்து தைத்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

"ஏனுங்க, இங்க நிக்கற நாங்க அஞ்சு பேரும் ஆளில்லீங்களா? வந்து பாருங்க. ஒத்தைக் கால்ல நின்னுட்டு வர்றோம்."

"கோவிச்சுக்காதீங்கம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க எல்லாரும் டிக்கெட் வாங்கறீங்களா?"

ஐந்து பேரும் மின்விசிறியைப் பார்த்தோம்.

வேன் வீட்டு வாசலுக்கு வரும்

ஒரு டவுன் பஸ் நின்றால் உலகம் முழுகிவிடுமா என்று சிலர் நினைக்கலாம். போன வாரம் இந்தப் பத்தியில் பனியன் கம்பெனி வேனைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதைச் சரியாகச் சொன்னால்தான் இது புரியும்.

எங்கள் ஊர் பெருமாநல்லூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மெயின் ரோட்டில் தனியார் பஸ்கள் ஹாரன் அடித்தபடி ஒன்றையொன்று துரத்தும். உள்ளே எதுவும் வராது. ஆண்களிடம் பைக் இருந்தது. பெண்களுக்குக் கம்பெனி வேன் இருந்தது.

வேனைக் குறை சொல்லக் கூடாது. வீட்டு வாசலுக்கே வரும். காசு கிடையாது. பாட்டு வேறு போடுவார்கள். ஆனால் வேன் எந்தக் கம்பெனிக்குப் போகிறதோ அங்கேதான் உங்களுக்கு வேலை. வேன் எப்போது கிளம்புகிறதோ அப்போதுதான் உங்களுக்கு வீடு. சரக்கு ஏற்றும் ஷிப்மென்ட் நாள் நெருங்கிவிட்டால் பொழுது சாய்ந்ததும் தெரியாது, இருட்டியதும் தெரியாது. பீஸ் ரேட் கூலியைக் குறைத்தார்களே என்று வாயைத் திறந்தால், "புடிக்கலீன்னா நின்னுக்கங்க" என்பார் கம்பெனி மேனேஜர். மிகவும் மரியாதையாகத்தான் சொல்வார். வேலையை விட்டு நின்று எங்கே போவது? வேறு கம்பெனிக்குப் போக வண்டி வேண்டுமே. இரண்டு பஸ் மாறிப் போய் வந்தால் டிக்கெட்டுக்கே கூலி கரைந்துவிடும்.

இப்படியே என் நல்ல வயது அந்த ஓவர்லாக் தையல் மிஷினில் போயிற்று.

அப்புறம்தான் டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசு அறிவித்தது. எங்கள் ஊருக்குக் காலை ஏழேகாலுக்கு வந்து திரும்பும் அரசு வண்டியை அதுவரை யாரும் பெரிதாக மதித்ததில்லை. திடீரென்று அது எங்களுக்குச் சொந்த வண்டி மாதிரி ஆகிவிட்டது.

நான் செய்த முதல் வேலை, வீரபாண்டியில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்ததுதான். பனியன் நகரத்தின் வடக்குக் கோடியிலிருந்து தெற்குக் கோடி. பழைய பஸ் ஸ்டாண்டில் மாற வேண்டும். மாறினால் என்ன, இரண்டுமே இலவசம். அங்கே ஐந்துக்கு மணி அடித்தால் மிஷினை நிறுத்திவிடலாம்.

முதல் நாள் மாலை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது வாசலில் வெயில் இருந்தது. என் வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன், ஒடம்பு சரியில்லையா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணமான நாளிலிருந்து வேலை நாளில் அந்த நேரத்தில் அவர் என்னைப் பார்த்ததே கிடையாது.

ருக்மணியக்கா

இலவசம் வந்த முதல் வாரம். மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் ருக்மணியக்கா உட்கார்ந்திருந்தார்.

அவர் வீட்டுக்குத் தோட்டம், கிணறு எல்லாம் இருந்தன. மகன் பெருமாநல்லூரில் சொந்தமாகச் சின்ன பனியன் கம்பெனி வைத்திருந்தான். ஆர்டர் நின்றது, கடன் நிற்கவில்லை. மிஷின்கள் போயின, தோட்டத்திலும் பாதி போனது. அதன் பிறகு அக்கா புடவை மடிப்புக் கலையாமல் ஒரு கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போகத் தொடங்கினார். தைத்து வரும் பனியனில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, பிசிறு நூலை வெட்டிப் போடும் வேலை. ஒரு காலத்தில் அவர் தோட்டத்தில் களை எடுத்தவர்கள் இப்போது அவரோடு அதே வண்டியில் போனார்கள். யாரும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. அக்காவும் முதுகை வளைத்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அன்று அவர் வழக்கம்போல் சில்லறையை எடுத்து நீட்டினார். அப்போதிருந்த கண்டக்டர் வயதானவர்.

"வாங்கக் கூடாதுங்கம்மா. பொம்பளைங்களுக்கு ஃப்ரீ. டிக்கெட்டை மட்டும் புடிங்க."

"காசு வேண்டாமுங்களா?"

"வேண்டாமுங்க."

"அப்ப டிக்கெட்டும் வேண்டாமுங்க. காசு குடுக்காம ஒருத்தருகிட்ட ஒண்ணு வாங்கி எனக்குப் பழக்கமில்லை."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குப் பின்னால் டிக்கெட்டுக்கு நீண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக மடிக்குத் திரும்பின. என் கையும்தான். அக்கா வேண்டாமென்றதை நாம் வாங்கினால் நாம் ஒரு படி கீழே போய்விடுவோம் என்று தோன்றியிருக்கலாம். "சும்மா போறதுக்குக் காகிதம் வேற எதுக்கு வீணா" என்று ஒருத்தி சொன்னாள். அது எல்லோருக்கும் வசதியான காரணமாக அமைந்துவிட்டது.

அப்படியே அது எங்கள் வண்டியின் வழக்கமாயிற்று. அந்தக் கண்டக்டர் எங்களோடு மல்லுக்கட்டவில்லை. தலையை எண்ணி டிக்கெட்டை அடித்து டிரைவருக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். பிறகு அவர் ஓய்வு பெற்றுப் போனார். செல்லத்துரை வந்தார்.

தெக்கத்திக் கண்டக்டர்

செல்லத்துரைக்குத் தூத்துக்குடிப் பக்கம். "டிக்கெட், டிக்கெட்" என்றபடி வருவார். நாங்கள் தலையை ஆட்டுவோம். அவரும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அவர் போகும் அழகைப் பார்த்தால், நாங்கள் டிக்கெட் வாங்காததில் அவருக்கு ஏதோ நிம்மதி என்று தோன்றும்.

மேலாளரைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை, வண்டியில் ஏறியதும் நேரே அவரிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன்.

"ஏனுங்க, நாங்க வேண்டாம்னாலும் நீங்க அடிச்சிருக்கோணுமா இல்லீங்களா? முன்னால இருந்தவரு அடிச்சாரே."

அவர் கம்பியில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"நானும் அடிச்சவன்தாம்மா. முன்ன ஓடுன ரூட்ல தலையை எண்ணி அடிச்சு எம் பையில வச்சிருந்தேன். டிக்கெட் செக்கிங் ஆளுவ ஏறுனாவ. டிக்கெட் எங்கிட்ட இருக்கு, ஆளு இறங்கிப் போயாச்சு. ஆளில்லாத டிக்கெட்ட அடிச்சு அரசாங்கத்துக்குக் கள்ளக் கணக்கு காட்டுதேன்னு சொல்லி மெமோ. ஆறு மாசம் நாயா பேயா அலைஞ்சேன். அன்னையில இருந்து, கை நீண்டாத்தான் மிஷினைத் தட்டுதது."

"டிக்கெட் குடுக்காட்டியும் மெமோதானுங்களே?"

"ஆமா. இந்த உள்ரோட்டுக்கு எவம் செக்கிங் வரப் போறான்னு இருந்துட்டேன். இப்ப ரெண்டு பக்கமும் இடி."

நான் கொண்டுபோன சண்டை அங்கேயே செத்துவிட்டது. நாங்கள் கௌரவத்துக்காகக் கை நீட்டவில்லை. அவர் பயத்தில் எங்களை வற்புறுத்தவில்லை. இதில் யாரைத் திட்டுவது? எங்கள் ஊர் மில் ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒடிசாப் பெண்கள் மட்டும், எங்கள் ரோஷம் எதுவும் தெரியாததால், தினமும் சிரித்த முகமாக டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அரசாங்கத்தின் கணக்கில் அத்தனை நாளும் எங்கள் ஊர் வண்டியில் பயணம் செய்த பெண்கள் அவர்கள்தான். ஊர்க்காரிகள் ஒருத்தியும் ஏறவே இல்லை.

மேலாளர் சொன்னது

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களிடம் அன்று மேலாளர் சொன்னது இதுதான்.

"நீங்க காசு குடுக்கலேங்கறதுக்காக வண்டி சும்மா ஓடலீங்கம்மா. உங்க கைக்கு வர்ற ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அரசாங்கம் எங்களுக்குப் பணம் தருது. டிக்கெட் இல்லீன்னா நீங்க வண்டியிலயே இல்லைன்னுதான் அர்த்தம்."

"நீங்கதான் இப்பத் தெரிஞ்சுக்கிட்டீங்களே. கூட்டம் இருக்குதுன்னு எழுதிருங்க," என்றேன்.

"நான் எழுதுனா ஆடிட்ல நிக்காதுங்க. மிஷின் சொல்லோணும்." பேரிங்கை மறுபடி காகிதத்தின் மேல் வைத்தார். "வர்ற திங்கக்கிழமையில இருந்து ஒரு வாரத்துக்கு இன்ஸ்பெக்டர் ஒருத்தரை அனுப்பறேன். அவரு கண்ணால பாக்கட்டும், மிஷினும் காட்டட்டும். அப்பவும் இதே கணக்குன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

அவர் மேல் எனக்கு அப்போது எரிச்சல் வந்தது உண்மை. இப்போது வரவில்லை. தலையை எண்ணி இஷ்டத்துக்கு எழுதலாம் என்று விட்டால், ஊரில் இல்லாத பெண்களெல்லாம் தினமும் பஸ் ஏறுவார்கள். பொதுப் பணத்துக்குக் காவல் வேண்டும்தான். அந்தக் காவலில் நாங்கள் மாட்டிக்கொண்டதுதான் விஷயம்.

கை நீட்டினால் போதும், இவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். எத்தனை அப்பாவியாக இருந்திருக்கிறேன் பாருங்கள்.

வண்டியில் ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"அக்கா என்ன சொல்றாங்க?"

மூன்றாவது சீட்டு

சனிக்கிழமை காலை அக்காவின் பக்கத்துச் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, திங்கக்கிழமையில இருந்து எல்லாரும் டிக்கெட் வாங்கோணுமுங்க."

"வாங்குங்க கண்ணு. ஆரு வேண்டாங்கறா?"

"நீங்க வாங்காம ஒருத்தியும் வாங்க மாட்டேங்கறாங்க."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். "அது தர்மக் காசு இல்லீங்கக்கா. சோப்பு வாங்கறோம், எண்ணெய் வாங்கறோம், எல்லாத்துலயும் வரி குடுத்துட்டுத்தான இருக்கறோம்? அந்தக் காசுலதான் வண்டி ஓடுது."

"எனக்குத் தெரியாதா? கம்பெனி நடத்துன ஊடு எங்களுது. வரி எங்கெங்க போகுதுன்னு உனக்கு முன்னாலயே எனக்குத் தெரியும்."

அப்போதுதான் என் பொறுமை அறுந்தது.

"தெரிஞ்சுமா இப்படி இருக்கறீங்க? உங்க கௌரவத்துக்கு எங்க பொழப்புப் போகோணுமா? வண்டி நின்னா நான் மறுக்கா அந்த வேன்லதான் ஏறோணும். இருட்டுல போயி இருட்டுல வரோணும். என்னால முடியாதுங்கக்கா."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. செல்லத்துரை பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி, எதுவும் கேட்காதவர் போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கோபப்படவில்லை. பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் எட்டும் குரலில் சொன்னார்.

"தோட்டம் போச்சு. மிஷின் போச்சு. எல்லாத்தையும் தாங்கிட்டேன். இந்தக் கை ஒண்ணுதான் கண்ணு இன்னும் ஆருகிட்டயும் நீளல. ஒருக்கா நீட்டிப் பழகிட்டா அப்பறம் அதுபாட்டுக்கு நீளுமோன்னு பயமா இருக்குது."

என் நிறுத்தம் வந்ததும் எழுந்து இறங்கினேன். அவர் மேல் இருந்த கோபமும் போகவில்லை, பரிதாபமும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடையில் பழைய வேன் டிரைவரைப் பார்த்தேன். நல்ல பையன். "பஸ்ஸை நிறுத்தறாங்களாமுங்கக்கா? உங்க சீட்டு அப்படியே இருக்குதுங்க, வந்துருங்க" என்றான். அன்போடுதான் சொன்னான். வாங்க வந்ததை மறந்துவிட்டு வெறும் கையோடு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை

இன்ஸ்பெக்டர் ஆரம்பத்திலேயே ஏறி முன்படிக்கட்டு அருகே நின்றுகொண்டார். அக்கா மூன்றாவது சீட்டில். மற்றவர்கள் வழக்கம்போல் நெருக்கியடித்துக்கொண்டு.

செல்லத்துரை வந்தார். முதல் சீட்டில் இருந்தவள் திரும்பி அக்காவைப் பார்த்தாள். இரண்டாவது சீட்டுக்காரியும் பார்த்தாள். யாருடைய கையும் டிபன் பையை விட்டு நகரவில்லை. இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

செல்லத்துரை மற்றவர்களைக் கடந்து நேரே அக்காவிடம் வந்தார். மிஷினைத் தட்டி ஒரு டிக்கெட் அடித்தார். வழக்கமாகக் கண்டக்டர்கள் கொடுப்பது போல அதை இரண்டு விரலுக்கிடையில் நீட்டவில்லை. வலது கையைப் பேன்ட்டில் துடைத்தார். உள்ளங்கையை விரித்து அதன்மேல் டிக்கெட்டை வைத்தார். இடது கையை வலது முழங்கைக்கு அண்டக் கொடுத்து, கொஞ்சம் குனிந்து, அக்காவின் கைக்குக் கீழே தாழ்த்திப் பிடித்தார்.

கல்யாண வீட்டில் பெரியவர்களுக்கு வெற்றிலை பாக்கு கொடுக்கும்போது நாங்கள் அப்படித்தான் பிடிப்போம். அவர்கள் மேலிருந்து எடுத்துக்கொள்வார்கள். எடுக்கிறவர் கை மேலே, கொடுக்கிறவர் கை கீழே. அவர்கள் ஊரிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

"எடுத்துக்கிடுங்கம்மா," என்றார்.

வண்டி குலுங்கியது. காற்றில் டிக்கெட் படபடத்ததும் கட்டை விரலால் அதன் ஓரத்தை அமுக்கிக்கொண்டார். கையை மட்டும் எடுக்கவில்லை. அக்கா அந்த உள்ளங்கையைப் பார்த்தபடியே இருந்தார். அவர் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது.

பிறகு இரண்டு விரலால், மேலிருந்து, வெற்றிலை எடுப்பது போலவே அதை எடுத்துக்கொண்டார். மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அதன் பிறகும் பின்னால் திரும்பவில்லை.

"ஏம் புள்ளைகளா, வேடிக்கை பாத்துட்டே இருக்கறீங்க? அவருக்கு வேலை இருக்குதில்ல. வாங்குங்க."

எங்கிருந்துதான் அத்தனை கைகள் வந்தனவோ! செல்லத்துரை அடிக்கிறார், அடிக்கிறார், பெருமாநல்லூர் வந்தும் முடியவில்லை. பாதியில் பேப்பர் ரோல் தீர்ந்துவிட்டது. அவர் ரோல் மாற்றும்வரை இன்ஸ்பெக்டரே அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் முறை வந்தபோது, "எனக்கும் அதே மாதிரி உள்ளங்கையில வெச்சுக் குடுங்க" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு? நீங்க சண்டை போட்டே வாங்கிருவிய," என்று சொல்லி டிக்கெட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

அந்த வாரக் கடைசியில் மேலாளரிடமிருந்து தகவல் வந்தது. காலை டிரிப்பும் மாலை டிரிப்பும் அப்படியே ஓடும். செல்லத்துரையை எச்சரிக்கையோடு விட்டார்கள். வேன் பையனிடம் நானே போய், சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன்.

தகவல் வந்த அன்று மாலை எங்கள் நிறுத்தத்தில் நான் முதலில் இறங்கினேன். எனக்குப் பின்னால் அக்கா. அந்த வண்டியின் படி உயரம். முட்டி வலியோடு அவர் தினமும் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தானாகத்தான் இறங்குவார். உதவிக்குப் போனால் முறைப்பார் என்பதால் யாரும் போவதில்லை. நானும் நடக்கத் தொடங்கிவிட்டேன்.

"கண்ணு."

திரும்பிப் பார்த்தேன். படியில் நின்றபடி என் பக்கமாகக் கையை நீட்டியிருந்தார்.

"செத்தப் புடி. எறங்கிக்கறேன்."

ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். இறங்கிய பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. வேப்பமரத்து வளைவு வரை அப்படியே நடந்தோம். பொழுது இன்னும் சாயவில்லை.